கரண்ட் பில் முதல் கப்பல் வேலை வரை: ஆன்லைன் மோசடியில் சிக்காமல் இருக்க 30 குறிப்புகள்

இணைய மோசடிகளில் இந்தியர்கள் 2023இல் பறிகொடுத்த பணம் ரூ.7,465 கோடி. 2024இல் அது ரூ.22,845 கோடி. நாடாளுமன்றத்தில் மத்திய அரசு கொடுத்த கணக்கு இது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு! இதில் பெரும்பாலான மோசடிகளில் கடைசிப் பொத்தானை அமுக்கியவர், பணத்தைப் பறிகொடுத்தவரேதான். பயத்திலோ, ஆசையிலோ, அவசரத்திலோ அமுக்க வைத்துவிடுகிறார்கள்.

பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடி, மூலக்கொத்தளம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் வடசென்னைப் பக்கத்துக்கு வரும் அழைப்புகள் நம் தேவைகளைத் தெரிந்துகொண்டே வருகின்றன. கரண்ட் பில், சிலிண்டர், உரிமைத்தொகை, ஹார்பர் வேலை, கப்பல் வேலை, ரயில் டிக்கெட் ரீஃபண்ட் என்று பேச்சு தொடங்கும். நமக்கு ஒரு வசதி உண்டு: இந்த வேலைகளுக்கான உண்மையான அலுவலகங்கள் பலவும் நடந்தோ, ஒரு பஸ் ஏறியோ போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு நேரில் போய்க் கேட்கலாம். கீழே உள்ள குறிப்புகளை வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் இன்னும் நல்லது.

பணம் போய்விட்டால்

1. 1930-ஐ மனப்பாடம் செய்யுங்கள். வீட்டில் எல்லோர் போனிலும் 'சைபர் போலீஸ்' என்று பதிந்து வையுங்கள். பணம் போனது தெரிந்ததும் முதல் அழைப்பு இதற்குத்தான்; சொந்தக்காரர்களிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். திருடன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டான். நாலைந்து கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி, ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். அதற்கு முன் புகார் பதிவானால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கச் சொல்லி வங்கிக்குத் தகவல் போகும். பேசும்போது கணக்கு எண், பணம் போன நாள், நேரம், தொகை, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், அவன் பேசிய போன் எண் எல்லாம் கையில் இருக்கட்டும். லைன் கிடைக்காவிட்டால் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் பதியலாம்.

2. அடுத்த அழைப்பு வங்கிக்கு. 2017 ஜூலை 6இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவு நமக்குப் பாதுகாப்பு. உங்கள் தவறு இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், வெளியாள் பணத்தை எடுத்திருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு உங்களுடையது அல்ல. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் கணக்கு. கொடுத்த பிறகு போவது வங்கியின் கணக்கு. ஆகவே தவறு நம்முடையது என்றாலும் உடனே சொல்வதில்தான் லாபம். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. எதையும் அழிக்காதீர்கள். வெட்கப்பட்டோ கோபத்திலோ வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். எழுத்துப் புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதை 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது.

4. இரண்டாவது திருடன் வருவான். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்று யாராவது வந்தால் அது அடுத்த மோசடி. 1930-இல் புகார் பதியக் கட்டணம் கிடையாது.

மிரட்டும் அழைப்புகள்

5. 'இன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் கட்டாகும்'. 2022இல் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிய குறுஞ்செய்தி இது. இன்றும் வேறு வேறு வடிவில் வருகிறது. போன மாத பில் பதிவாகவில்லை, இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று சாதாரண பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். கூப்பிட்டால் ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, 'பத்து ரூபாய் மட்டும் கட்டிக் காட்டுங்க' என்பான். அந்த ஆப் நம் திரையை அவனுக்குக் காட்டும். பத்து ரூபாய் கட்டும்போது நாம் அழுத்தும் எண் அவனுக்குத் தெரிந்துவிடும். நமக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. கட்டக் கெடு தேதி உண்டு. 'என் இணைப்பு எண் என்ன?' என்று கேளுங்கள். வடசென்னை மண்டல எண்கள் 01 என்று தொடங்கும். பெரும்பாலும் விழிப்பான்; சரியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் கேளுங்கள், அல்லது உங்கள் பகுதி ஈபி ஆபீசுக்கே போய்விடுங்கள்.

6. டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. 'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது', 'உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள்' என்று பேச்சு ஆரம்பிக்கும். பிறகு வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் சிபிஐ முத்திரை, நீதிமன்றம் போல ஜோடனை. கேமராவை அணைக்காதே, யாரிடமும் பேசாதே, பணத்தைச் 'சரிபார்ப்பு'க்காக இந்தக் கணக்குக்கு அனுப்பு என்பார்கள். இந்தியச் சட்டத்தில் வீடியோ காலில் கைது செய்ய வழியே இல்லை. 2024 அக்டோபர் 27இல் பிரதமர் தன் வானொலி உரையில் இதை எச்சரித்தார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சிபிஐயிடம் கொடுத்தது. ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம் குறிவைக்கப்படுகிறார்கள். போர்ட், ரயில்வே ஓய்வூதியர் இருக்கும் வீடுகளில் இந்த ஒரு குறிப்பை இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். உண்மையான போலீஸ் என்றால் சம்மன் கொடுக்க வீட்டுக்கு வரட்டும்.

7. 'அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு'. இப்போது ஒருவர் குரலைப் போலவே பேச வைக்கக் கருவிகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்டுப் பதற்றமாக அழைப்பு வந்தால் அந்தச் சொல்லைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பிள்ளையின் எண்ணை நீங்களே கூப்பிடுங்கள்.

8. நட்சத்திரக் குறியோடு எண் அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். 'குரியர் வந்திருக்கு, டெலிவரிக்கு இந்த நம்பரைப் போடுங்க' என்று *21* அல்லது *401* என்று தொடங்கும் எண்ணைக் கொடுப்பார்கள். அதை அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவன் போனுக்குத் திரும்பும். போன் வழியே சொல்லப்படும் ஓடிபியும் அவனுக்கே போகும். தவறி அழுத்தியிருந்தால் ##002# என்று டயல் செய்யுங்கள். திருப்பி விட்டவை எல்லாம் ரத்தாகும்.

9. எண்ணைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வங்கிகளும் அரசுத் துறைகளும் குறுஞ்செய்தியை எழுத்துகளால் ஆன பெயரில் அனுப்பும். பத்து இலக்க எண்ணிலிருந்து அல்ல. 2025 மே முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும்: ஜி என்றால் அரசு, டி என்றால் பணப் பரிவர்த்தனை, எஸ் என்றால் சேவை, பி என்றால் விளம்பரம். வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களுக்கு மாறி வருகின்றன. வங்கி இணையதளங்களும் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாறியுள்ளன.

ஜிபே, ஸ்கேன், ஓடிபி

10. பணம் வாங்க பின் தேவையில்லை. யுபிஐ பின் என்பது பணம் அனுப்பவும், இருப்பு பார்க்கவும்தான். 'ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் உங்க அக்கவுண்டுக்கு வரும்' என்று யார் சொன்னாலும் பொய். தனி ஆட்கள் ஒருவருக்கொருவர் 'பணம் அனுப்பு' என்று கோரிக்கை அனுப்பும் வசதி இந்த ஏமாற்றுக்கே அதிகம் பயன்பட்டதால், 2025 அக்டோபர் 1 முதல் அது நிறுத்தப்பட்டது.

11. யுபிஐக்குத் தனிக் கணக்கு. சம்பளமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை ஜிபேயில் இணைக்காதீர்கள். சின்னக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வாரச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு வையுங்கள். திருடு போனாலும் அந்தத் தொகையோடு போகும்.

12. கடைக்காரர்கள் கவனத்துக்கு. காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஆனாலும், எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் ஆனாலும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்காதீர்கள். பணம் போனது போலவே காட்டும் போலி ஆப்கள் உண்டு. சவுண்டு பாக்ஸ் சொல்லட்டும், அல்லது உங்கள் போனில் வரவு காட்டட்டும். காலையில் கடை திறந்ததும் ஸ்கேன் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நீங்களே ஸ்கேன் செய்து, உங்கள் பெயர்தான் வருகிறதா என்றும் பாருங்கள்.

13. 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் ஆகிவிட்டது'. பழைய பைக், ஃபிரிட்ஜ், வாடகை வீடு விளம்பரங்களில் அடிக்கடி வரும் வசனம். அடையாள அட்டைப் படமும் அனுப்புவான். பொருளைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெரம்பூரில் வாடகை வீடு என்றால் நேரில் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் பேசுங்கள்.

14. கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். தேடினால் முதலில் நிற்பது திருடன் போட்ட எண்ணாகவும் இருக்கலாம். ஏடிஎம் கார்டின் பின்பக்கம், பாஸ்புக், கேஸ் புத்தகம் ஆகியவற்றில் அச்சான எண்தான் சரி. ரயில் விஷயம் என்றால் 139. ஆன்லைன் டிக்கெட்டை ரத்து செய்த பணம், கட்டிய கணக்குக்குத் தானாகவே வரும். அதற்கு ஓடிபியும் வேண்டாம், புது ஆப்பும் வேண்டாம். பிஎன்ஆர் எண்ணும் போன் எண்ணும் தெரியும்படி டிக்கெட் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டுப் புகார் சொல்லாதீர்கள். அதைப் பார்த்துத்தான் 'ரயில்வேயிலிருந்து பேசுறோம்' என்று கூப்பிடுவார்கள்.

15. அரசு உதவிக்கு ஓடிபி கேட்பதில்லை. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் ஆனாலும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஆனாலும் பணம் நேராக வங்கிக் கணக்கில் ஏறும். 'உங்க பணம் நின்னுபோச்சு, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க' என்றால் போனை வைத்துவிடுங்கள். சந்தேகத்தை ரேஷன் கடையிலோ, காசிமேடு மீன்வளத் துறை அலுவலகத்திலோ கேட்டுத் தெளியலாம்.

16. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் போலீஸ் அபராதச் சீட்டு, வங்கி கேஒய்சி என்று பல பெயர்களில் வரும். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருந்தால் அது படமோ கடிதமோ அல்ல, ஆப். இறக்கினால் நம் குறுஞ்செய்திகளை அது படிக்கும். ஓடிபி நமக்குத் தெரியும் முன்னே அவனுக்குப் போகும். தெரிந்தவர் அனுப்பியதாயிற்றே என்று நம்ப வேண்டாம், அவர் போனும் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம். வண்டிக்கு அபராதம் இருக்கிறதா என்று பார்க்க அரசின் 'பரிவாகன்' தளம் இருக்கிறது. தவறி இறக்கிவிட்டால் உடனே நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள்.

வேலை, கடன், லாபம்

17. ஹார்பர், ரயில்வே வேலைக்குத் தரகர் இல்லை. சென்னைத் துறைமுக ஆணையம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், பெரம்பூர் ஐசிஎஃப், மணலி சுத்திகரிப்பு ஆலை எதுவானாலும் ஆள் எடுப்பு அந்தந்த நிறுவனத்தின் இணையதள அறிவிப்பில்தான் தொடங்கும். ரயில்வே வேலைக்கு அதன் ஆள் தேர்வு அமைப்புகளான ஆர்ஆர்பி, ஆர்ஆர்சி அறிவிப்புகள் உண்டு. 2022இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர், டெல்லி ரயில் நிலையத்தில் தினமும் எட்டு மணி நேரம் ஒரு மாதம் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணினார்கள். டிக்கெட் பரிசோதகர் வேலைக்குப் பயிற்சி என்று சொல்லியிருந்தார்கள். மொத்தமாகப் பறிபோனது ரூ.2.67 கோடி. ரயில் எண்ணுவதற்கு யாரும் சம்பளம் தர மாட்டார்கள் என்று பேசின் பிரிட்ஜில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முத்திரை குத்திய கடிதம் கையில் இருந்தால் பெரியவர்களும் நம்பிவிடுகிறார்கள். வேலைக்குப் பணம் கேட்டால் வேலை இல்லை என்று பொருள்.

18. கப்பல் வேலை, வெளிநாட்டு வேலை. கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்கள் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. சந்தேகம் என்றால் ராஜாஜி சாலையில் உள்ள மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட் அலுவலகத்தில் கேட்கலாம். 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், டூரிஸ்ட் விசா போதும்' என்றால் போகவே போகாதீர்கள். அப்படிப் போனவர்களை மியான்மருக்குள் கடத்தி, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். அப்படிச் சிக்கிய 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வர வேண்டியிருந்தது.

19. லைக் போட்டால் பணம், ஷேரில் இரட்டிப்பு. முதல் நாள் நூறு, இருநூறு ரூபாய் உண்மையாகவே வரும். அது தூண்டில் புழு. அப்புறம் 'பெரிய டாஸ்க்'குக்கு முன்பணம் கேட்பார்கள். ஷேர் மார்க்கெட் குரூப்பில் உங்களைத் தவிர மற்ற எல்லோரும் லாபம் வந்ததாக எழுதுவார்கள்; அத்தனை பேரும் அவர்கள் ஆட்கள். ஆப்பில் காட்டும் லாபம் வெறும் எண். எடுக்கப் போனால் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று இழுப்பார்கள். செபியில் பதிவு பெற்ற தரகர் வழியாக மட்டும் பங்கு வாங்குங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை போட்டிருக்கிறது. 'ரம்மி போனஸ்' என்று வரும் அழைப்புகளைத் தொடாதீர்கள்.

20. ஐந்து நிமிட லோன் ஆப். கடன் தரும் முன் போனில் உள்ள எண்கள், படங்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கும். தவணை தவறினால் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி, பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அனுப்பும். இப்படி மிரட்டிய ஒரு வலையைத் துரத்திய சென்னை மத்தியக் குற்றப்பிரிவு, 2021 ஜனவரியில் பெங்களூரில் இரண்டு சீனர்களைக் கைது செய்தது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் கடன் ஆப்கள் எவை என்ற பட்டியலை ரிசர்வ் வங்கி தன் தளத்தில் வைத்திருக்கிறது. பார்த்துவிட்டு வாங்குங்கள். மிரட்டல் வந்தால் பயந்து மேலும் கட்டாதீர்கள்; 1930 போதும்.

21. வங்கிக் கணக்கை வாடகைக்கு விடாதீர்கள். வேலையில்லாத பிள்ளைகளிடம், 'அக்கவுண்ட் ஓபன் பண்ணி ஏடிஎம் கார்டு, சிம்மோட கொடு, சில ஆயிரம் ரூபாய் தர்றேன்' என்று கேட்பார்கள். மோசடிப் பணம் இறங்குவது இப்படிப்பட்ட கணக்குகளில்தான். போலீஸ் முதலில் தட்டும் கதவும் கணக்கு வைத்திருப்பவர் வீட்டுக் கதவுதான். 2024 டிசம்பரில் தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவு 'திரைநீக்கு' என்ற பெயரில் தேடுதல் நடத்தி 76 பேரைக் கைது செய்தது. நண்பனுக்காகக் கொடுத்தேன் என்று சொன்னாலும் வழக்கிலிருந்து தப்ப முடியாது.

போன் பாதுகாப்பு

22. சிம்முக்கும் பூட்டு போடுங்கள். சென்ட்ரல் போகும் ரயில் சிக்னலுக்காக பேசின் பிரிட்ஜில் நிற்கும்போது வாசலில் நின்று போன் பேசுபவர்கள் நிறையப் பேர். பிடுங்கிக்கொண்டு போனால் போனுக்குப் பூட்டு இருக்கும். ஆனால் சிம்மை உருவி வேறு போனில் போட்டால் ஓடிபி வந்துவிடும். செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று ஒன்று இருக்கிறது. சிம்மோடு வரும் முதல் பின் எண்ணை உங்கள் சிம் நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். போன் போய்விட்டால் முதலில் சிம், அடுத்து வங்கியில் யுபிஐ, பிறகு அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போன் என்ற வரிசையில் முடக்குங்கள். போனை முடக்க அதன் ஐஎம்இஐ எண் வேண்டும். இப்போதே *#06# போட்டுப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

23. உங்கள் பெயரில் எத்தனை சிம்? அதே சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் இருந்தால் 'என்னுடையது அல்ல' என்று அங்கேயே குறித்துவிடலாம்.

24. வாட்ஸ்அப்பில் இரட்டைப் பூட்டு. செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய் ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். 'தவறுதலா உங்களுக்கு ஒரு கோடு வந்திருக்கு, அனுப்புங்க' என்று அண்ணன் எண்ணிலிருந்தே கேட்டாலும் அனுப்பாதீர்கள். வாரம் ஒரு முறை 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து, தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள்.

25. ஆதார் கைரேகைக்குப் பூட்டு உண்டு. எம்ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டிவிட்டால், அதை நகலெடுத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. ஆனால் ரேஷன் கடைக்குப் போகும் நாளில் தற்காலிகமாகத் திறக்க வேண்டும். மறந்தால் அங்கேயும் ரேகை ஏற்காது. நகல் கொடுக்க, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

26. ரிப்பேருக்கும் விற்பனைக்கும் முன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரிப்பேருக்குக் கொடுக்கும்போது சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். பணம் அனுப்பும் ஆப்களிலிருந்து வெளியே வந்துவிட்டுக் கொடுங்கள். பர்மா பஜாரில் விற்கும் முன் கூகுள் கணக்கை நீக்கி, முழுவதும் ரீசெட் செய்யுங்கள்.

ஜெராக்ஸ் கடையும் ஆபீஸ் கம்ப்யூட்டரும்

27. ஜெராக்ஸ் கடையில் விட்டுவரும் ஆதார். பான் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் கடைக்காரர் எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்து பிரின்ட் எடுக்கிறோம். பிரின்ட் வந்ததும் நாம் போய்விடுகிறோம். கோப்பு அங்கேயே இருக்கிறது. அனுப்பியதை 'எல்லோருக்கும் அழி' கொடுத்து அழியுங்கள். கம்ப்யூட்டரில் இறங்கியதையும் அழிக்கச் சொல்லி, நின்று பாருங்கள். பிரவுசிங் சென்டரில் மெயில், வாட்ஸ்அப் வெப் திறந்தால் லாக் அவுட் செய்யாமல் எழுந்திருக்காதீர்கள். நகலின் மேல் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

28. கோப்புகளுக்கு இன்னொரு பிரதி. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் சின்ன ஆபீஸ், பெரிய ஆபீஸ் பார்ப்பதில்லை. 2017 ஜூனில் பரவிய 'நாட்பெட்யா' உலகின் பெரிய கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கை முடக்கியது. நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையமே தடுமாறியது. அந்த நிறுவனம் சொன்ன இழப்பு 20 முதல் 30 கோடி டாலர். 2021 செப்டம்பரில் நம் தலைமைச் செயலகப் பொதுத்துறைக் கம்ப்யூட்டர்களும் இப்படிப் பூட்டப்பட்டு, 1,950 டாலர் கேட்கப்பட்டது. லாரி ஆபீஸ், பார்சல் ஆபீஸ், சுங்க முகவர் அலுவலகம் நடத்துபவர்கள் வாரம் ஒரு முறை கணக்குகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள். சொருகியே வைத்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலை பார்ப்பதைக் குறையுங்கள். திருட்டு விண்டோஸ் போட்ட பென் டிரைவை ஆபீசுக்குள் விடாதீர்கள்.

29. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வந்தால். ஏற்றுமதி, இறக்குமதி, பழைய இரும்பு வியாபாரிகள் கவனிக்க. வழக்கமான பார்ட்டியின் பெயரில், மெயில் முகவரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி இன்வாய்ஸ் வரும். மெயிலுக்குப் பதில் போடாமல், பழைய எண்ணில் கூப்பிட்டு வாயால் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

30. திரையில் அலாரம் அடித்தால். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், மைக்ரோசாஃப்ட்டைக் கூப்பிடுங்கள்' என்று எண்ணோடு திரை நிரம்பினால், அது வெறும் இணையப் பக்கம். அந்த எண்ணைக் கூப்பிடாதீர்கள். பிரவுசரை மூடுங்கள், மூடாவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள். உண்மையான நிறுவனம் திரையில் போன் நம்பர் போட்டுக் கூப்பிடச் சொல்லாது.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றை முடியுங்கள்: 1930-ஐப் பதிவது, ஐஎம்இஐ எண்ணை எழுதிவைப்பது, வாட்ஸ்அப்புக்கு இரட்டைப் பூட்டு. மீதியை அடுத்தடுத்த வாரங்களில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டால் திட்டாதீர்கள். 'படிச்ச பிள்ளைதானே', 'வயசாகியும் தெரியலையா' என்ற பேச்சுக்குப் பயந்துதான் பலர் இரண்டு நாள் மறைத்து வைக்கிறார்கள். அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். பணத்தை மீட்க உதவுவது முதல் ஒரு மணி நேரம்தான். ஆகவே, ஏமாந்தவர் பயமில்லாமல் உங்களிடம் வந்து சொல்லும்படி வீட்டை வைத்திருங்கள். சொன்னதும் 1930-ஐ அழுத்துங்கள்.